தொபியாஸ் வைத்த கண்ணீர்

"அந்தக் கண்ணீரை மட்டும் அழிக்க மாட்டேன் டீச்சரம்மா. வேணும்னா என் கையை வெட்டிக்கோங்க."

சொன்னவர் தொபியாஸ். முப்பது வருசம் சினிமா பேனர் வரைந்த மனுசன். ஐம்பத்தெட்டு வயசில், தன்னைவிட இருபது வயசு இளையவளான மார்சலினிடம் கோயில் சுரூபச் சிலைகளுக்கு வர்ணம் தீட்டக் கற்றுக்கொள்ள வந்திருந்தார். அதிலெல்லாம் அவருக்குக் கூச்சம் கிடையாது.

கடற்கரையோரத்துச் சின்ன மாதா கோயில். ஓட்டுக் கூரை, சுண்ணாம்புச் சுவர். வாசலுக்கு மேலே ஒரே ஒரு வட்டச் சன்னல். கடலில் எழுகிற வெயில் அதன் வழியே நேராகப் பீடத்து மாதாவின் முகத்தில் விழும். கட்டிய கொத்தனார் கெட்டிக்காரர்.

அந்த வெயில் படுகிற இடமாகப் பார்த்துத்தான் தொபியாஸ் கன்னத்தில் ஒரு துளி வைத்திருந்தார். அடடா, என்னமாய் மின்னியது!

"நான் வரைஞ்ச கண்ணீரைப் பாத்து தியேட்டர் வாசல்லயே ஜனம் அழுதிருக்கு" என்றார். "நாளைக்குக் கொடியேற்றம். ஊரே பாக்கட்டும்."

மார்சலின் வாதாடவில்லை.

"நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. வாங்க, தூணுக்குப் பின்னால கொஞ்ச நேரம் உக்காருவோம்."

உட்கார்ந்தார்கள்.

ஆண்கள் கடலுக்குப் போனதும் பெண்கள் ஒவ்வொருவராய் வந்து மாதாவிடம் வீட்டுக் கஷ்டத்தைக் கொட்டிவிட்டுப் போவது அந்த ஊர் வழக்கம். சாமியாரிடம்கூடச் சொல்லாததை அவளிடம் சொல்வார்கள். வர்ணம் பூசுவதற்காகப் பத்து நாளாய் மாதாவைத் திரை போட்டு மூடியிருந்ததில் எல்லாருக்கும் நெஞ்சு முட்டிப்போயிருந்தது. அன்று காலையில்தான் திரையை எடுத்திருந்தார்கள்.

முதல் ஆளாய்ச் சந்தியாகம்மாள் வந்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியபடியே வந்தாள். மண்டியிட்டு, "தாயே, எம் மவன்..." என்று தொடங்கி நிமிர்ந்து பார்த்தாள்.

பேச்சு நின்றது.

எட்டி, சுரூபத்தின் பாதத்தை மெல்லத் தடவிக் கொடுத்தாள்.

"அழாத தாயே. எல்லாம் சரியாப் போயிரும். ஒனக்கே ஆயிரம் கவலை."

மறுபடி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே நடந்தாள்.

தொபியாஸுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா! நெசம்னே நம்பிட்டா!"

"ஆமா. அவ மவனுக்கு என்னவாம்?"

"அதை அவ சொல்லலையே..." என்றார் தொபியாஸ்.

வர்ணத்தைத் துடைக்கும் தின்னர் துணியை எடுத்தார். ஏணியை இழுத்துப் பீடத்தோரம் சாத்தினார். முதல் படியில் கால் வைத்தவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். அவள் இந்நேரம் தெருமுனை தாண்டியிருப்பாளே!

குதித்து இறங்கி வாசலுக்கு ஓடினார்.

"தாயி! போயிராத தாயி! அஞ்சே நிமிசம் கழிச்சு வா!"