கரடி திறக்காத பானட்

குளம் வற்றிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு நாள் வெயில் அடித்தால் கெண்டை மீன்கள் சேற்றில் கிடந்து துடிக்க வேண்டியதுதான். மலைக்கு அந்தப் பக்கம் பெரிய ஏரி ஒன்று இருந்தது.

அந்தக் காட்டில் இரண்டே கார்கள். கரடியின் கார் அதன் அப்பா காலத்தது, கனத்த இரும்பு. கீரியின் கார் புதியது, சின்னது.

"எங்களை யாருப்பா ஏரியில கொண்டுபோய் விடுவீங்க?" என்று கேட்டது கிழட்டுக் கெண்டை.

"நான் வர்றேன்!" என்றது கீரி.

கரடி வயிறு குலுங்கச் சிரித்தது. "உன் டப்பாவிலயா? நாலு மழைக்குத் தாங்குமாடா அது? என் வண்டி நாற்பது வருஷம் ஓடியிருக்கு. இன்னும் நாற்பது ஓடும்!"

"தாங்க வைப்பேன் அண்ணே!"

கீரி வெள்ளிக்கிழமைதோறும் பானட்டைத் திறக்கும். எண்ணெய் பார்க்கும், தண்ணீர் பார்க்கும். ஒயரை எலி கடித்திருக்கிறதா என்று மூக்கை நுழைத்து முகரும்.

"வாராவாரம் வைத்தியம் பார்க்கிறதெல்லாம் ஒரு வண்டியா? அப்பா போன பிறகு என் வண்டியைத் திறந்ததே இல்லை!" என்றது கரடி.

அது உண்மைதான். ஆயுத பூஜைக்குக் கரடி பானட்டின் மேல் சந்தனப் பொட்டு வைக்கும், மாலை போடும், சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கும். அவ்வளவுதான்.

மீன்கள் இரும்பையே நம்பின. ஆறு பானைத் தண்ணீரில் அவை இறங்கிக்கொள்ள, ஆறு பானைகளும் கரடியின் காரில் ஏறின. கீரிக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் காலி வண்டியோடு பின்னாலேயே போனது.

மூன்றாவது வளைவில் பழைய கார் குபுகுபுவென்று ஆவி கக்கி நின்றது.

"ஐயோ, எலுமிச்சம்பழம் நசுக்கினேனே!" என்று அலறியது கரடி. "டேய் கீரி, மீனையெல்லாம் உன் வண்டியில ஏத்திக்கோடா!"

"ரெண்டு பானைதான் கொள்ளும். போய்த் திரும்புறதுக்குள்ள மிச்சம் நாலும் வெந்துடும். ஒரு பானையையும் விட்டுட்டுப் போகமாட்டேன். நகருங்க அண்ணே!"

இரண்டு பானைகளைத் தன் காரில் வைத்துவிட்டு, கீரி பழைய பானட்டைத் திறந்தது. உள்ளே இன்ஜினுக்குத் தண்ணீர் போகும் ரப்பர் குழாய் வெடித்து வாய் பிளந்திருந்தது. தன் காரிலிருந்து சைக்கிள் டியூப் துண்டை எடுத்து இறுக்கிச் சுற்றியது.

"தண்ணி ஊத்து, சீக்கிரம்!" என்று பறந்தது கரடி.

"சூட்டோட ஊத்தினா இன்ஜின் விரிசல் விட்டுடும். ஆறட்டும்."

மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின. கீரி அசையவில்லை. தொட்டுப் பார்த்தது. பொறுத்தது. மறுபடி தொட்டுப் பார்த்தது.

"ஆறிடுச்சு. ஆனா தண்ணிக்கு எங்க போறது?"

"எங்க பானையில இருந்து எடுத்துக்கோ" என்றது கிழட்டுக் கெண்டை. "முதுகு காய்ஞ்சாலும் பரவாயில்லை. போய்ச் சேரணும்!"

ஆறு பானைகளிலும் பாதித் தண்ணீர் போனது. மீன்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்தன. சின்ன கார் முன்னே, பெரிய கார் பின்னே, மெதுவாக மலை ஏறி இறங்கின. பொழுது சாயுமுன் எல்லா மீன்களும் ஏரியில் துள்ளின.

அடுத்த வெள்ளிக்கிழமை கீரி வெளியே வந்தபோது, கரடியின் கார் வாசலில் நின்றது. பானட் ஏற்கெனவே திறந்திருந்தது.

"எண்ணெய் எங்கடா பார்க்கணும்?" என்றது கரடி.

பழையதோ புதியதோ, திறந்து பார்க்கும் கை இருக்கும்வரைதான் எந்த வண்டியும் உழைக்கும்.