ஐந்தாவது உறுப்பினர் திரு. கொடுவா

கடலோரத்தில் நண்டுப்பட்டி, மேலக்குப்பம் என்று இரண்டு ஊர்கள். நடுவில் ஒரு குடா. இரண்டு ஊரிலும் யாருக்காவது புத்தி இருந்ததாக இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை. மற்றபடி தங்கமான ஜனங்கள். சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள். வம்பே அதில்தான் வந்தது.

குடாவில் மீன் குறைந்துபோனது. பொடிமீனைக்கூட விடாமல் இரண்டு கரையிலிருந்தும் அரித்து எடுத்தால் குறையாமல் என்ன செய்யும்? மீன்வளத்துறையிலிருந்து கோமதி அம்மா வந்தார்.

"ரெண்டு ஊரும் சேந்து ஒரு குழு போடுங்க. இந்தக் குடாவை நம்பிப் பிழைக்கிற எல்லாருக்கும் அதுல ஒரு நாற்காலி இருக்கணும். அத்தனை பேரும் சம்மதிச்சாத்தான் வலை இறங்கணும். ஒரு மாசம் கழிச்சு வருவேன். ஒழுங்கா நடந்தா குடா உங்களுக்கு. இல்லேன்னா குத்தகைக்காரனுக்குப் போயிரும். அப்புறம் கரையில நின்னு வேடிக்கைதான் பாக்கணும்."

அன்றைக்கே கூட்டம் போட்டார்கள். நண்டுப்பட்டித் தலைவர் வியாகுலம், மேலக்குப்பத்துத் தலைவர் சந்தியாகு, மீன் விற்கிற மரியசீலி, வலை பின்னுகிற தொம்மை என்று நாலு நாற்காலி நிரம்பியது.

"யாரையும் விட்டுடலையே?" என்று கேட்டார் வியாகுலம்.

தொம்மை ஐந்தாம் வகுப்பை மூன்று வருஷம் படித்தவர். ஆழமாக யோசிப்பார். "குடாவை நம்பிப் பிழைக்கிறதுன்னா மொதல்ல மீன்தானே அண்ணாச்சி? நாமளாவது கல்யாணம் காட்சின்னு வெளியூர் போவோம். அது எங்க போகும்?"

எல்லோருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. உடனே வலையை வீசி, நல்ல பெரிய கொடுவா மீன் ஒன்றைக் கும்பிட்டுக் கூட்டிவந்து ஐந்தாவது நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அது மூன்று தடவை வழுக்கி விழுந்தது.

"புது ஆளுல்லா, கூச்சப்படுதாரு" என்றாள் மரியசீலி. அண்டாவில் கடல்தண்ணீரை ஊற்றி, அதில் மீனை விட்டு, அண்டாவை நாற்காலிமேல் வைத்தார்கள். கூச்சம் போய்விட்டது.

தலையை ஆட்டினால் சம்மதம், வாலை ஆட்டினால் மறுப்பு என்று தீர்மானம் போட்டு, குழுவின் பதிவேட்டில் ஐந்து பேரும் ஒப்பம் வைத்தார்கள். வியாகுலம் குனிந்து, "ஐயா, நாளைக்கு வலை போடலாமா?" என்று கேட்டார்.

மீன் வாலை ஆட்டியது.

"காரணம் சொல்லாம மறுக்காரே" என்றார் சந்தியாகு.

"அவரு வீட்டுலதானே ஆளு குறையுது. யோசிக்கத்தான் செய்வாரு" என்றார் தொம்மை.

மறுநாளும் கேட்டார்கள். வால். மேலக்குப்பத்து முறைப்படி தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சந்தியாகு கேட்டார். அப்போதும் வால்தான். ஒரு மாசம் இரண்டு ஊரும் ரசத்தையும் துவையலையும் தின்று காலத்தை ஓட்டியது. மரியசீலி மட்டும் வாடிக்கை விட்டுப்போகக் கூடாது என்று வெறுங்கூடையோடு தெருத்தெருவாக, "மீன் இல்லையே, மீன்" என்று கூவிக்கொண்டு போனாள்.

சொன்ன நாளில் கோமதி அம்மா வந்து படகில் ஏறிக் குடாவைச் சுற்றிப் பார்க்கப் போனார். கரையில் சாப்பாட்டு விவாதம் நடந்தது.

"இவ்வளவு தூரம் வந்த அம்மாவுக்கு மீன் இல்லாம சோறு போட்டா நல்லாவா இருக்கும்?" என்றாள் மரியசீலி.

"வலை போட உறுப்பினர் சம்மதிக்கணுமே" என்றார் வியாகுலம்.

"வலை எதுக்கு? அண்டாவுலதான் இருக்காரே."

"ஏய், அவருதானே உறுப்பினர்."

"கேட்டுப் பாப்போம்."

கேட்டுக்கொண்டே தூக்கினார்கள். தண்ணீரைவிட்டு வெளியே வந்ததும் மீன் படபடவென்று தலையை ஆட்டியது. ஒரு மாசத்தில் முதல் தடவை. இவ்வளவு பெரிய மனசா என்று சந்தியாகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கோமதி அம்மா சந்தோஷமாகத் திரும்பினார். குடாவில் துடுப்புப் போட இடமில்லாமல் மீன் துள்ளியது. பதிவேட்டைப் பார்த்தார். இரண்டு கையெழுத்து, இரண்டு கைநாட்டு, கடைசியில் விசிறி அகலத்துக்கு ஒரு மை அப்பல். பக்கத்தில் 'திரு. கொடுவா' என்று இருந்தது. அந்தக் கடற்கரையில் பட்டப்பெயர் இல்லாத ஆளே கிடையாது. உழைத்து உழைத்துக் கை இப்படி ஆகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தபடி, குடா உங்களுக்குத்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வியாகுலம் அந்தக் காகிதத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதார்.

பிறகு சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"குழம்பு பிரமாதம். அது சரி, அஞ்சாவது உறுப்பினர் எங்க? அவரையும் பாத்துட்டுப் போறேன்."

"பாதி தின்னுட்டீங்களே அம்மா" என்றார் தொம்மை.

அம்மாவுக்கு விஷயம் விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கையைக் கழுவிவிட்டு வந்து, "வேற ஆளைப் போட்டுக்கோங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அப்போதுதான் சிக்கல் புரிந்தது. புது உறுப்பினர் வேண்டுமென்றால் வலை போட வேண்டும். வலை போட வேண்டுமென்றால் உறுப்பினர் சம்மதிக்க வேண்டும். குடா முழுக்க மீன். இரண்டு ஊரும் மறுபடியும் ரசத்துக்குத் திரும்பியது.

கடைசியில் முழங்கால் தண்ணீரில் அந்த நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டு, துண்டு விரித்து, இரண்டு ஊரும் கரையில் உட்கார்ந்து காத்திருக்கிறது. இஷ்டப்பட்ட மீன் தானாக வந்து பதவி ஏற்கலாம். நேற்று ஒரு நண்டு ஏறி உட்கார்ந்தது. இது மீனுக்கு ஒதுக்கிய இடம் என்று எடுத்துச் சொல்லி, மரியாதையாக இறக்கிவிட்டார்கள்.