கரைந்தது காக்கையா, உப்பா?

உப்பளத்தை ஒட்டிய ஒரு காட்டுக்கு முறுக்குக் கொம்பு வெளிமான்தான் தலைவர். எதையும் முட்டிப் பார்த்தால்தான் அவருக்குப் புரியும்!

"முட்டினால் வலிக்கிறதா? அது கெட்டி. தெறிக்கிறதா? அது நீர். முட்டியதே தெரியவில்லையா? அது காற்று. இவ்வளவுதான் உலகம்!" என்பார். "ஆமாங்கய்யா!" என்று எல்லாரும் தலையாட்டுவார்கள். கொம்பு வைத்திருப்பவரிடம் வேறென்ன சொல்வது?

ஒருநாள் உப்பு வண்டியிலிருந்து தேங்காய் அளவுக்கு ஒரு கட்டி விழுந்தது. மான்களுக்கு உப்பென்றால் உயிர். அதைக் காட்டுக்குள் கிடந்த கல்தொட்டியில் போட்டுப் பனையோலையால் மூடினார்கள். பக்கத்துப் புதரில் குட்டிகளோடு இருந்த முயல் காவலுக்கு நின்றது.

அன்று இரவு பேய்மழை. காற்று ஓலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. காலையில் பார்த்தால் தொட்டியில் தண்ணீர் நிற்கிறது, உப்பைக் காணோம்!

நரி ஓடி வந்தது. அதற்கு உப்பா முக்கியம்? முயலைப் புதரைவிட்டு விரட்டினால், வெட்டவெளியில் குட்டிகள் சுலபமாகச் சிக்குமே!

"ஐயா, வேலியே பயிரை மேய்ந்துவிட்டது! முயல் உப்பைத் தின்றுவிட்டாள்!"

"ஐயோ, நான் தின்னலைங்கய்யா! உப்பு கரைஞ்சிடுச்சு!" என்று அழுதது முயல்.

நரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "காக்கா கரையும், கேட்டிருக்கோம். உப்பு கரையுமா? எப்படிக் கரைஞ்சது? கா கான்னா?"

காடே சிரித்தது. மரத்திலிருந்த காக்கைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"விடிஞ்சதுலேருந்து நானும்தான் கரையுறேன். காணாமலா போயிட்டேன்? கரைஞ்சது எங்கேயும் போகாது!" என்று கத்தியபடி பறந்து வந்து தொட்டியில் அலகை விட்டது. "தூ! ஐயா, தண்ணி கரிக்குது!"

"நக்கித் தின்றவளின் எச்சில் கரிக்காமல் இனிக்குமா?" என்றது நரி.

தலைவர் தொட்டிக்குள் முட்டிப் பார்த்தார். தண்ணீர் முகமெல்லாம் தெறித்தது. "தெறிக்கிறது. ஆகவே இது நீர். உப்பு கெட்டியல்லவா? இதில் உப்பு இல்லை. முயலே, குட்டிகளோடு காட்டைவிட்டுப் போ!"

முயல் புதரிலிருந்த குட்டிகளைத் திரும்பிப் பார்த்தது. வெட்டவெளியில் குட்டிகள் என்ன ஆகும்? பாவம், பயத்திலேதான் அதற்கு வாய் வந்தது.

"ஐயா, உப்பளத்துல பாத்தி கட்டிக் கடல் தண்ணியைத்தானே விடுறாங்க? அது வத்தினா உப்பு எங்கேருந்து வருது? இந்தத் தொட்டியும் வத்தட்டும். அதுவரைக்கும் பொறுத்துக்கோங்க!"

தினமும் உப்பளத்தைப் பார்க்கிற கூட்டம்தான். ஒருவருக்காவது இது தோன்றியதா? தலைவர் கொம்பைச் சொறிந்தார். "சரி, பொறுப்போம்!"

நல்ல வெயில் அடித்தது. தண்ணீர் குறையக் குறைய நரி புதரைச் சுற்றிச் சுற்றி வந்தது. முயல் கண் மூடவில்லை. நடுவில் ஒருமுறை கருமேகம் திரண்டு வந்து, முயலின் வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டு, மழை பெய்யாமலே கலைந்தது.

கடைசியில் தொட்டி வற்றியது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அடியிலும் ஓரத்திலும் வெள்ளை வெளேரென்று ஒட்டிக்கொண்டிருந்தது ஏதோ ஒன்று!

தலைவர் முட்டினார். 'டங்'கென்று சத்தம்.

"ஆ! வலிக்கிறது! கெட்டிதான்!" என்று நாக்கை நீட்டி நக்கினார். "அடடா, உப்பு! நம் உப்பேதான்!"

"அப்பாடா!" என்று முயல் அப்படியே உட்கார்ந்துவிட்டது. குட்டிகளை அணைத்துக்கொண்டு அழுதது, சிரித்தது. நரி எப்போது நழுவியது என்று யாரும் பார்க்கவில்லை.

தலைவர் தொண்டையைச் செருமினார். "கெட்டி, நீர், காற்று. அதோடு, ஒன்றுக்குள் ஒன்று கலந்தும் இருக்கும். முயலம்மா, என்னை மன்னித்துவிடு!"

"நான் மட்டும் கரைஞ்சு கரைஞ்சு சொன்னேனே, யார் கேட்டா?" என்றது காக்கை.

கண்ணுக்குத் தெரியாத பொருளெல்லாம் களவு போன பொருளல்ல. பழி சொல்லும் முன் பொறுத்துப் பார்ப்பவனுக்கே உண்மை தெரியும்.