செத்தவர் பேசக்கூடாது

வேலாங்காட்டுப்புதூரில் அறிவுக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருந்த பொருள் இல்லாமல் போனால்தானே பஞ்சம்?

அந்த ஊரில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருந்த குழந்தைவேலுக்குப் பட்டாளத்தில் சேர ஆசை. மூன்று முறை போனான். மூன்று முறையும் பாதம் தட்டை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவனுக்கு மனசு ஆறவே இல்லை. கடைசியில் ஏர்சாஃப்ட் என்று ஒரு விளையாட்டு இருப்பது தெரியவந்தது. பிளாஸ்டிக் குண்டு சுடும் பொம்மைத் துப்பாக்கிகளோடு இரண்டு அணிகள் மோதிக்கொள்வது. அதில் யாரும் பாதத்தைப் பார்ப்பதில்லை. சென்னியப்பன், நாச்சிமுத்து, திருமூர்த்தி என்று மூன்று கூட்டாளிகளைச் சேர்த்து, எல்லோருக்கும் பச்சைச் சட்டை தைத்து, தானே கேப்டன் ஆனான். அந்தச் சட்டையைப் போட்ட அன்று கண்ணாடி முன் நின்று அழுதே விட்டான்.

முதல் நாள் நால்வரும் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினார்கள். முதலில் பயணிகள் இறங்கினார்கள், அப்புறம் கண்டக்டர், கடைசியாக டிரைவர். இறங்கியவர்களில் குழந்தைவேலின் எதிர்வீட்டுக் கருப்பணனும் ஒருவர். தொண்ணூறு வயதான ரிட்டையர்டு தபால்காரர், எதற்கெடுத்தாலும் "சட்டம்னா சட்டந்தான்" என்பவர். அவர்தான் போலீஸுக்குப் போன் போட்டார்.

இன்ஸ்பெக்டர் மங்கையர்க்கரசி துப்பாக்கிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஒரு தாளில் நான்கு விதிகளை எழுதி, கையெழுத்துப் போட்டு, சீலும் குத்திக் கொடுத்தார்.

"ஞாயித்துக்கிழமை தாராபுரத்து அணியோட மேட்ச்சுனு சொல்றீங்க. நானே வந்து பார்ப்பேன். இதுல ஒண்ணு பிசகுனாலும் நாலு துப்பாக்கியும் ரோடு ரோலருக்கு அடியில போயிரும்."

குழந்தைவேல் தன் பச்சைச் சட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். துப்பாக்கி போய்விட்டால் பச்சைச் சட்டை எதற்கு, கேப்டன் எதற்கு? வாழ்நாள் முழுக்க ரீசார்ஜ்தான்.

அன்றைக்கே கூட்டம் போட்டு முதல் விதியைப் படித்தார்கள். பொது இடத்தில் துப்பாக்கி யார் கண்ணிலும் படக்கூடாது. பைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

"பொது இடம்னா எதுங்க?" என்றான் சென்னியப்பன்.

"பொதுமக்க இருக்கற இடம்," என்றான் குழந்தைவேல்.

"தாராபுரத்துக்காரங்க பொதுமக்கதானுங்களே? அவிங்க வந்தா மைதானமும் பொது இடம் ஆயிருமுங்க."

"ஆமால்ல! அப்ப நாம நாலு பேரு?"

நாச்சிமுத்து வெகுநேரம் யோசித்துவிட்டு, "நாமளும் ஓட்டுப் போட்டிருக்கறமுங்க," என்றான்.

அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? நால்வரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆளுக்கொரு சாக்குப்பையில் துப்பாக்கியைப் போட்டு, கை நுழைய மட்டும் இடம் விட்டு, வாயைத் தைத்தார்கள். தடவித் தடவித் தைத்ததில் திருமூர்த்தியின் வேட்டியும் சேர்ந்து தைபட்டது.

இரண்டாவது விதி: பாதுகாப்புக் கண்ணாடியை எக்காரணம் கொண்டும் கழற்றக்கூடாது. புதன்கிழமை மாட்டிய கண்ணாடியோடு குளித்தார்கள், தூங்கினார்கள். வெள்ளிக்கிழமைக்குள் உள்ளே ஆவி படிந்து ஒருத்தனுக்கும் கண் சரியாகத் தெரியவில்லை. குழந்தைவேல் இரண்டு நாள் பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிட்டான். குழம்பு நன்றாயிருக்கிறதே என்று மட்டும் தோன்றியது.

மூன்றாவது விதி: அக்கம்பக்கத்தாருக்கு முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும். வீடு வீடாகப் போய், "ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குச் சுடறோமுங்க," என்று பணிவாகச் சொல்லிவிட்டு வந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் தெருவே மூட்டை கட்டிக்கொண்டு பழனிக்குக் கிளம்பிவிட்டது. கருப்பணன் மட்டும் அசையவில்லை. "தகவல் சொல்லிப்போட்டுத்தானே சுடறாங்க. சட்டப்படி சரி," என்றார்.

நான்காவது விதிதான் அவர்களுக்குப் பிடித்த விதி. குண்டு பட்டால் அடுத்தவர் சொல்லும்வரை காத்திராமல் தானே கையைத் தூக்கி, "செத்தேன்" என்று சொல்லி வெளியேற வேண்டும். அதன்பின் செத்தவர் பேசக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை இன்ஸ்பெக்டர் மைதானத்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார, விசில் ஒலித்தது. குழந்தைவேல் சாக்குக்குள் கையை விட்டு விசையை இழுத்தான். குண்டு சாக்குத் தையலில் மோதித் திரும்பி அவன் மணிக்கட்டிலேயே பட்டது. யாரும் பார்க்கவில்லை. யார் பார்த்தால் என்ன? விதி விதிதான். கையைத் தூக்கி, "செத்தேன்!" என்று கத்தினான். தாராபுரத்தார் குறி பார்ப்பதற்குள் மற்ற மூவரும் அதேபோல் வரிசையாகச் செத்தார்கள்.

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார். "கேப்டன் யாரு? நாலு விதியையும் வாயால சொல்லுங்க. சொன்னா அனுமதி. இல்லைன்னா துப்பாக்கியக் குடுத்துட்டுப் போங்க."

நான்கும் குழந்தைவேலுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் பேசினால் நான்காவது விதி போயிற்று, பேசாவிட்டால் துப்பாக்கி போயிற்று. தூக்கிய கையோடு நின்றான். கண்ணாடிக்குள் கண்ணீர் பாதி வரை நிறைந்துவிட்டது.

"அவரு செத்துட்டாரு மேடம்," என்றான் தாராபுரத்துக் கேப்டன் பாவப்பட்டு.

"மேட்ச்தான் முடிஞ்சிருச்சே, பேசுய்யா!"

குழந்தைவேல் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினான். செத்தவர் எப்போது பிழைப்பார் என்று அதில் எங்கும் இல்லை. இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டு பேனாவை எடுத்தார். "விளையாட்டு முடிந்ததும் செத்தவர் எழுந்து பேசலாம்" என்று அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சீல் இல்லாமல் அவன் வாய் திறக்கவில்லை. ஜீப்பிலிருந்து அதையும் கொண்டுவந்து குத்திய பிறகு நால்வரும் ஒரே குரலில் நான்கு விதியையும் ஒப்பித்தார்கள். துப்பாக்கிகள் பிழைத்தன.

வியாழக்கிழமை கருப்பணன் காலமானார். வயதான சாவு. பழனியிலிருந்து திரும்பிய தெருவே அவர் வீட்டில் கூடியிருந்தது. பச்சைச் சட்டையும் கண்ணாடியுமாக நால்வர் வந்து தலைமாட்டில் நின்றார்கள். குழந்தைவேல் தாளை விரித்து, கடைசி வரியைச் சத்தமாகப் படித்தான். கருப்பணன் அசையவில்லை. காது மந்தமாயிற்றே என்று இன்னும் இரண்டு தடவை படித்தான். சொந்தக்காரர்கள் அடிக்கச் செருப்பைக் கையில் எடுத்தார்கள். மகன் போலீஸுக்குப் போன் போட்டார்.

இன்ஸ்பெக்டர் ஜீப்பை விட்டு இறங்கியதும் குழந்தைவேல் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான்.

"நல்ல நேரத்துல வந்தீங்கம்மா! உங்க கையெழுத்து, சீலு எல்லாத்தையும் காட்டி மூணு தடவை படிச்சாச்சு. மனுசன் எந்திரிக்கவே மாட்டேங்கறாரு. சட்டம் சட்டம்னு எங்களைப் புடிச்சுக் குடுத்தவரே இவருதானுங்க. நாங்க பிசகுனா ரோடு ரோலரு, இவரு பிசகுனா மட்டும் மாலைங்களா?"