அனுப்பாத பதினொரு வரி

“டீச்சர், இந்தக் கட்டற்ற மென்பொருளை நம்பி மோசம் போயிட்டேன்.”

ஞானதிரவியம் மடிக்கணினியை மேசையில் வைத்த வேகத்தில், நூலக மாடியில் இருந்த நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தூத்துக்குடியில் ஞாயிறுதோறும் கூடி மென்பொருள் கற்கும் கூட்டம் அது. சொல்லித்தருபவள் சண்முகக்கனி. அவருக்கு மகள் வயது. தொலைபேசித் துறையில் முப்பது வருஷம் குப்பை கொட்டிய மனுஷனுக்கு, அவளை டீச்சர் என்று கூப்பிடுவதில் கூச்சமே கிடையாது. அவருடைய கூச்சமெல்லாம் வேறு விஷயத்தில்.

“என்ன ஆச்சு சார்?”

“நேத்து கை தவறி அப்டேட்டை அமுக்கிட்டேன். திரையை வாசிச்சுச் சொல்லுத மென்பொருள் ஊமையாயிட்டு. தமிழ்ல பேர் வச்ச கோப்பு எதையும் வாசிக்க மாட்டேங்கு. ரெஜினா காலைலருந்து எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல.”

ரெஜினா அவர் மனைவி. சர்க்கரை நோயில் பார்வை போய் ஐந்து வருஷம். கணினி வாசிக்க, கதை கேட்டுத்தான் அவளுக்குப் பொழுது போகும்.

“இதுக்கு முன்னாடி வாசிச்சுதா?”

“நான்லா சரிபண்ணி வச்சிருந்தேன்! மூல நிரலைத் திறந்து, ஒரு மாசம் மண்டையை உடைச்சு, பதினொரு வரி மாத்தினேன். நாலு வருஷம் அப்டேட் பக்கமே போகாமக் காப்பாத்தினேன். ஒரே நிமிஷத்துல அழிச்சிட்டு.”

“அப்டேட் எங்கருந்து சார் வருது?”

“பொதுவுல இருக்குத நிரல்லருந்து. ஆயிரம் பேர் எழுதி அனுப்புததைச் சேர்த்து, எல்லாருக்கும் குடுக்காங்க.”

“அதுல உங்க பதினொரு வரி?”

“அது எப்படி இருக்கும்? நான்தான் அனுப்பலையே.”

சொன்ன பிறகு அவருக்கே குரல் இறங்கிவிட்டது.

“ஏன் சார் அனுப்பல?”

“கோணல்மாணலா எழுதியிருந்தேன் டீச்சர். பெரிய ஆளுங்க பாத்தா சிரிப்பாங்க. நம்ம வீட்டுக்கு ஓடினாப் போதும்னு விட்டுட்டேன்.”

கனி அந்த மென்பொருளின் புகார்ப் பக்கத்தைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள்.

“வாசிங்க.”

நாலு வருஷத்துக்கு முந்தைய தேதி. அவர் வாய்விட்டு வாசித்தார்.

‘நான் தருமபுரியில் பி.ஏ. வரலாறு முதல் வருடம் படிக்கிறேன். பார்வை கிடையாது. பாடக் குறிப்புகள் எல்லாம் தமிழ்ப் பெயரில் இருக்கின்றன. கணினி எதையும் வாசிக்க மாட்டேன் என்கிறது. யாராவது சரிசெய்து தர முடியுமா? மாதேஸ்வரி.’

“எனக்குச் சரிபண்ணத் தெரியல,” என்றாள் கனி. “அந்த வாரமே இங்க கூட்டத்துல கேட்டேன். நீங்களும் வந்திருந்தீங்க.”

அவருக்கு ஞாபகம் இருந்தது. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். விவரம் தெரிந்தவர்கள் யாராவது செய்வார்கள் என்று வாயைத் திறக்காமல் இருந்துவிட்டார்.

“அப்புறம் யாருமே பதில் போடலையா?”

“பதில் உங்க வீட்டுல இருந்துச்சு சார்.”

ஞானதிரவியம் பையைத் துழாவிப் பென்டிரைவை எடுத்தார்.

“அந்தப் பதினொரு வரிக்கும் இதுல பிரதி வச்சிருக்கேன் டீச்சர். இப்பவே அனுப்பிருதேன். சிரிக்கவங்க சிரிக்கட்டும். அந்தப் பிள்ளைக்கும் ரெண்டு வரி எழுதிப் போடுதேன்.”

எப்படி அனுப்புவது என்று கனி காட்டினாள். பதினொரு வரியும் போய்ச் சேர்ந்தது. அவ்வளவு நாள் பயந்த வேலை, பத்து நிமிஷம்கூடப் பிடிக்கவில்லை.

மாதேஸ்வரிக்கு எழுதுவதற்காகப் புகார்ப் பக்கத்தின் அடிக்குப் போனார். பதில் எழுதும் கட்டத்துக்கு மேலே அவளுடைய இன்னொரு குறிப்பு இருந்தது. முதல் குறிப்புக்கு ஏழு மாதம் கழித்து எழுதியது.

‘படிப்பை நிறுத்திவிட்டேன். எனக்காக இனி யாரும் இதைச் சரிசெய்ய வேண்டாம். நன்றி.’