சாமர்கண்டில் பாதிக் கோப்பை டீ

திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளி வரதப்பனுக்குக் காசு கரையக்கூடாது, சொகுசும் குறையக்கூடாது. நூல் வாங்க உஸ்பெகிஸ்தானிலுள்ள சாமர்கண்டுக்குக் கிளம்பியவர், ஆபீஸில் வேலை பார்த்த பூங்கொடியையும் இழுத்துக்கொண்டு போனார்.

"குறைஞ்ச வாடகையில ராஜ உபசாரம் நடக்கோணும். இல்லீன்னா உன் சீட்டைக் கிழிச்சுருவேன்!"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தேடி, ஒரு குடும்பம் நடத்தும் சின்ன விடுதியைப் பிடித்தாள். சுத்தமான அறை, சூடான ரொட்டி. விடுதிக்கார அம்மாள் இருவருக்கும் பாதிக் கோப்பை டீ ஊற்றி, நெஞ்சில் கைவைத்து நீட்டினாள்.

வரதப்பன் எகிறினார். "பிச்சைக்காரனுக்கா ஊத்தறா? எனக்குத் தளும்பத் தளும்ப ஊத்தச் சொல்லு!"

"இந்த ஊர் வழக்கம் வேறங்க..."

"எனக்கே வழக்கம் சொல்றியா? சொன்னதைச் செய்யி!"

பூங்கொடிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "சரீங்க" என்று அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் செல்போனில் மொழிபெயர்த்துக் காட்டினாள். அம்மாள் முகம் சிவந்தது. வரதப்பன் கோப்பையை விளிம்புவரை நிரப்பினாள். பிறகு அவர் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தாள்.

"என்ன புள்ள இது?"

"பாதி ஊத்துனா, 'இருங்க, இன்னும் ஊத்தறேன்'னு மரியாதைங்க. நெறச்சா, 'குடிச்சுட்டுக் கெளம்பு'ன்னு அர்த்தமுங்க. நீங்களே கேட்டு வாங்குனது."

"அப்ப நீயும் வா. வேற ரூம் பாரு!"

பூங்கொடி தன் பாதிக் கோப்பையைத் தூக்கிக் காட்டினாள்.

"எனக்கு இன்னும் ஊத்துவாங்க, மொதலாளி."