கும்பிட்ட மாம்பழம்

மூங்கில் காட்டில் புலி ராஜாவை விரட்டிவிட்டு ஒரு பாண்டா தலைவரானது. தலைவர் ஆகிவிட்டதால் நாமும் 'அவர்' என்றே சொல்லுவோம், நமக்கு எதுக்கு வம்பு! இனி ராஜாவும் இல்லை, அடிமையும் இல்லை, எல்லோரும் தோழர்கள் என்று அவர் அறிவித்தார். காலையும் மாலையும் தலைவர் பெயரைச் சொல்லிக் குனிந்தால் மட்டும் போதும்.

குரங்குகளுக்கு அணை கட்டும் வேலை. காய்கனி தேடப் போகக்கூடாது என்று உத்தரவு. யூலான் என்ற தாய்க்குரங்குக்குப் பால் வற்றிவிட்டது. அதன் குட்டி பசியில் சுருண்டு கிடந்தது.

ஒருநாள் தலைவரிடமிருந்து குரங்குகளுக்கு ஒரு மாம்பழம் வந்தது. நன்றாகப் பழுத்து மணத்தது.

"ஐயா, என் பிள்ளைக்கு ஒரு வாய் கொடுங்க" என்றது யூலான்.

"ஐயாவா? தோழர் என்று சொல்லு" என்றது, குரங்குகளை அதட்டி வேலை வாங்கும் செயலாளர் நரி. "இது பழமில்லை, தலைவரின் அன்பு. அன்பை யாராவது கடிப்பார்களா?"

நரி மேடை போட்டுச் சிவப்புத் துணி விரித்தது. மேளம் அடித்தது. குரங்குகள் வரிசையாக நின்று மாம்பழத்தைக் கும்பிட்டன. வயிறு காலியாக இருந்தால் குனிவது சுலபம்தானே.

நாலைந்து நாளில் பழத்தில் ஈ மொய்த்தது.

"தோழரே, அழுகுதே. நல்ல பக்கத்தையாவது கொடுங்க. பிள்ளை கண்ணே திறக்கமாட்டேங்குது."

"தலைவர் கொடுத்தது அழுகுமா? எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேள்!"

பிள்ளைக்காக யூலான் மன்னிப்புக் கேட்டது. மற்ற குரங்குகள் "துரோகி, துரோகி" என்று கத்தின. யார் கத்தவில்லை என்று நரி பார்த்துக்கொண்டிருந்ததே!

பிறகு நரி யாருக்கும் தெரியாமல் பழத்தை ஆற்றில் எறிந்தது. களிமண்ணில் ஒன்று பிடித்து, மஞ்சள் பூசி மேடையில் வைத்தது. மண்ணை எந்த ஈ மொய்க்கும்?

"பார்த்தீர்களா, அழுகவே இல்லை" என்றது நரி. குரங்குகள் இன்னும் பக்தியாகக் குனிந்தன. அன்றைக்கே யூலானின் குட்டி செத்துப்போனது.

மறுவாரம் தலைவர் அணையைப் பார்க்க வந்தார்.

"மேடையில் என்ன அது?"

"தாங்கள் அனுப்பிய அன்பு, தலைவரே."

"அந்த மாம்பழமா? நான் மூங்கில் தின்கிறவன், எனக்கு எதுக்கு அது? வீணாகாமல் பிள்ளைகள் தின்னட்டும் என்று அனுப்பினேன். இன்னுமா தின்னவில்லை?"



"ஆகா, தலைவருக்கு என்ன ஒரு எளிமை!" என்று நரி கைதட்டியது. குரங்குகளும் தட்டின. யூலானின் கை மட்டும் இடுப்பில், குட்டி இருந்த இடத்திலேயே இருந்தது.

கும்பிடக் கூடாததைக் கும்பிடப் பழகியவர்கள், பிள்ளைக்கு வந்த உணவையும் சாமியாக்கிவிட்டுப் பிள்ளையைப் பறிகொடுப்பார்கள்.